பந்தைக் கொடுத்தவர்

பன்னிரண்டு வருடம் தொழில்முறைக் கூடைப்பந்தில் பந்தைப் பகிர்ந்து ஆட்டத்தை நடத்தும் பொயின்ற் கார்டாக ஆடி ஓய்வுபெற்ற தாவிதே, தன் வீட்டுக்கு வந்த தொலைக்காட்சிக்காரர்களிடம் தன் பெருமையை அளந்துகொண்டிருந்தார்.

"நான் எனக்காக விளையாடேல்லை. பந்தை எப்பவும் மற்றவைக்குத்தான் குடுத்தனான்."

வீட்டு வேலைக்காரி அகஸ்ரீனா தரையை இன்னும் அழுத்தித் துடைத்தாள். இந்த மனிதரின் அழுக்குக் காலுறைகளை ஏழு வருடமாகக் கட்டிலுக்கடியில் பொறுக்குபவள் அவள்.

வாசல் மணி அடித்தது. தாவிதேயின் வற்புறுத்தலால் வலி தெரியாமலிருக்க ஊசி போட்டு ஆடி, முழங்காலை இழந்த பழைய அணித் தோழர் ஊன்றுகோலுடன் நின்றார்.

சன்னலால் அவரைக் கண்ட தாவிதே அகஸ்ரீனாவை அழைத்துக் கிசுகிசுத்தார். "நான் இல்லையெண்டு சொல்லு."

அகஸ்ரீனா கதவை அகலத் திறந்தாள்.

"வாங்கோ. சிஞ்ஞோர் தாவிதே உள்ளுக்கைதான் இருக்கிறார். இல்லையெண்டு சொல்லச் சொன்னவர்."

கமரா ஓடிக்கொண்டிருந்தது. தாவிதே பல்லை இளித்துக் கையை நீட்டினார். தோழர் அதைத் தொடாமலே உட்கார்ந்தார்.

அகஸ்ரீனா தோழருக்கு மட்டும் கோப்பி கொண்டுவந்தாள்.