முறைத் தண்ணீர்

கொடுவாளை அரிசி டிரம்முக்குள் புதைத்தேன். மண் வெட்டுகிற மம்முட்டியைத் தீவன மூட்டைகளுக்குப் பின்னால் தள்ளினேன். அப்படியும் மனசு ஆறாமல் காய் அரிகிற கத்தியையும் ஒளித்துவிட்டு, வெண்டைக்காயைக் கையாலேயே ஒடித்துப் போட்டுக் குழம்பு வைத்தேன்.

என் வீட்டுக்காரர் செங்கோட்டையன் பதினேழு வருஷம் ராணுவத்தில் இருந்துவிட்டுப் பங்குனியில் ஊர் வந்தவர். மூன்று நாளாக விடிந்ததும் காய்ந்த மூங்கில் தடி ஒன்றை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறார். எதிரே மோட்டார் சுவிட்சுப் பெட்டி. அவருடைய சித்தப்பா மகன் அன்பு வருவான், மோட்டாரைப் போடுவான், போவான். இவர் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டே இருப்பார்.

கிணறு இரண்டு வீட்டுக்கும் பொது. ஒரு நாள் அவர்கள் முறை, மறுநாள் எங்கள் முறை. எட்டு வருஷத்துக்கு முன்னால் இவர் லீவில் வந்திருந்தபோது அன்பு எங்கள் முறையில் தண்ணீர் பாய்ச்சினான். மம்முட்டிக் காம்பால் அவன் மண்டையைப் பிளந்துவிட்டார். ஏழு தையல். இனி இரு வீட்டாரும் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை என்று குலசாமி கோயிலில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தார்கள். பெண்டுகளுக்கும் சேர்த்துத்தான். அன்பு பெண்டாட்டி கயல்விழியும் நானும் ஒரே குழாயில் குடம் வைத்துவிட்டு ஆளுக்கொரு திசை பார்த்து நிற்போம். கேவலமான பிழைப்பு, என்ன செய்ய?

அன்றைக்கு அடித்த கையோடு இவர் உட்கார்ந்து கேவிக் கேவி அழுதார். கோபமோ அழுகையோ, அவர் உடம்பில் எதுவும் தங்காது. அந்த மனுஷனோடு குடும்பம் நடத்த எனக்குத் தெரியும். திரும்பி வந்திருக்கிற மனுஷன் வேறு. போர்வையை மூலை பிசகாமல் மடிக்கிறார். சுவரில் முதுகு படாமல் உட்காருவதில்லை. என்ன கேட்டாலும் “ம்”. இந்தக் கோடையில் அன்பு மறுபடி எங்கள் முறையிலும் மோட்டார் போடுகிறான், வெங்காயத் தாள் பாதி கருகிவிட்டது. இவர் ஒரு சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

நேற்று துவைக்க எடுத்த சட்டையில் சின்ன நோட்டு ஒன்று இருந்தது. பிரித்துப் பார்த்தேன். “6.10. தனி ஆள். வெறுங்கால். வலது கை.” அடுத்த பக்கத்தில், “6.15. தனி ஆள். வெறுங்கால். வலது கை. தரை ஈரம்.” ஆளை முடிப்பதற்கு நேரம் பார்க்கிறாரா இந்த மனுஷன்?

காலையில் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

“ஏனுங்க, தண்ணியும் வேண்டாம் வெங்காயமும் வேண்டாம். இனியா பன்னண்டாவது படிக்கறா. புள்ளைக்காகவாவது பேசாம ஊட்டுல இருங்க.”

“தள்ளு புள்ள. மணியாச்சு.”

தடியோடு போய்விட்டார். நான் செருப்புக்கூடப் போடாமல் பின்னாலேயே ஓடினேன்.

வரப்பு திரும்பும்போது அன்பு பெட்டியில் கை வைத்திருந்தான். இவர் பாய்ந்து போய்த் தடியை ஓங்கி அவன் கைமேல் இறக்கினார். அன்பு மல்லாந்து விழுந்தான்.

“அய்யோ, கொன்னு போட்டாரே!” என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

அப்புறம்தான் பெட்டியிலிருந்து புகை வருவது தெரிந்தது. கரண்ட் அவனைப் பிடித்திருந்திருக்கிறது. இவர் தடியாலேயே மெயின் சுவிட்சைத் தட்டி அணைத்துவிட்டு, அன்பின் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து அமுக்க ஆரம்பித்தார். ஏக், தோ, தீன் என்று இந்தியில் எண்ணினார். முகத்தில் ஒன்றுமே இல்லை. கயல்விழி அலறிக்கொண்டு ஓடி வந்தாள். நான் நூத்தியெட்டுக்குப் போன் போட்டுக்கொண்டே அவளைப் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் போனதோ, அன்பு ஒரு இருமல் இருமினான்.

“மூச்சு வந்திருச்சு கண்ணு, அழுவாத,” என்று அவளைக் கட்டிக்கொண்டேன். எட்டு வருஷத்துச் சத்தியம் எனக்கு ஞாபகத்திலேயே இல்லை.

வெறுங்கால், ஈரத் தரை என்று நோட்டில் எழுதியிருந்ததெல்லாம் கரண்டுக்குப் பயந்து போட்ட கணக்கு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

“பொட்டில கரண்ட் அடிக்கறது உங்களுக்குத் தெரியுமா?”

“மொத நாளே தெரியும்.”

“அடப்பாவி மனுசா! ஒரு வார்த்தை சொன்னா என்ன? என்றகிட்டயாவது சொல்லக் கூடாதா?”

அன்பின் மணிக்கட்டில் நாடி பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல புள்ள. அதான் தடியெடுத்துட்டு வந்து உக்காந்துட்டன்.”

எனக்கு அவரை அடிக்க வேண்டும்போல் இருந்தது. மூன்று நாள்! ஒரு சொல்லுக்குப் பதிலாக, ஒரு உயிருக்குப் பக்கத்தில் மூன்று நாள் காவல் உட்கார்ந்திருக்கிறார். ஒரு நிமிஷம் பிந்தியிருந்தால்?

“அண்ணா…” என்றான் அன்பு, கண்ணைத் திறக்காமல்.

இவருடைய உதடு மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது.

ஆம்புலன்ஸ் வந்தது, அன்பை ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். இவரும் அவன் மணிக்கட்டைப் பிடித்தபடியே கூட நடந்தார். “விடுங்க சார், நாங்க பாத்துக்கறோம்,” என்றான் ஆம்புலன்ஸில் வந்தவன். இவர் விடவில்லை. “சார், கையை விடுங்க.” கதவுக்கு முன்னால் எல்லாரும் நின்றுவிட்டோம். நான்தான் போய் அந்த விரல்களைப் பிடித்தேன். இரும்பாக இறுகிக் கிடந்தன. சுண்டு விரலைப் பிரித்தேன். அடுத்த விரலுக்குப் போவதற்குள் அது மறுபடி மூடிக்கொண்டது.