இன்னொரு டப்பாவின் கரண்டி

உருண்டை அழ ஆரம்பித்தால் எதிர்வீட்டு ஜன்னல்கள் தானாகச் சாத்திக்கொள்ளும். அப்படி ஒரு கணீர்க் குரல். பிறந்து மூன்று மாதம்கூட நிறையவில்லை. கன்னம், வயிறு, முழங்கால் எல்லாமே உருண்டையாக இருந்ததால் அந்தப் பெயரை நான்தான் வைத்தேன். நான் அவளுக்கு அத்தை. செல்லப் பெயர் வைக்கும் உரிமை எனக்கில்லாமல் வேறு யாருக்கு?

அன்று மதியம் பள்ளி வேனை வாசலில் நிறுத்திவிட்டு மாடியேறும்போது கேட்ட அழுகை வேறு மாதிரி இருந்தது. கணீர் என்று இல்லை, கீச்சென்று, மெல்லிய கம்பியால் கண்ணாடியைக் கீறுவதுபோல இருந்தது. தினமும் ஒரு வேன் நிறையப் பிள்ளைகளின் கூச்சலைக் கேட்டுக்கொண்டே வண்டி ஓட்டுகிறவள் நான். அப்படிப்பட்ட நானே மீதிப் படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினேன்.

தம்பி மனைவி கையில் காலிப் புட்டியோடு நின்றாள். தலைகூட வாரவில்லை.

"பசி அடங்கவே மாட்டேங்குது அண்ணி. ஒரு புட்டிய முடிச்சிட்டு உடனே வாயைத் திறக்கறா. குடுத்துக்கிட்டே இருக்கேன்."

குழந்தையை வாங்கினேன். உதடு காய்ந்திருந்தது. நாக்கைத் தொட்டால் ஈரமே இல்லை. என் விரலைக் கவ்வி இழுத்த வேகத்தில் எனக்குப் பயம் வந்தது.

"டயப்பர் எப்போ மாத்தினே?"

"காலையில. அப்புறம் மாத்தவே வேண்டியிருக்கல."

தொட்டுப் பார்த்தேன். கடையிலிருந்து வந்த மாதிரியே காய்ந்து கிடந்தது. இத்தனை புட்டி குடிக்கிற குழந்தை ஒன்றுக்குப் போகவில்லை என்றால் குடித்ததெல்லாம் எங்கே போகிறது?

அந்த நேரத்தில் தம்பி சாப்பிட வந்தான். தெருமுனை பெயின்ட் கடையில் கலர் கலக்குகிறவன். கடையில் மெஷின் இருக்கிறது. இருந்தாலும் வாடிக்கையாளர் சுவரிலிருந்து ஒரு சில்லைப் பெயர்த்துக்கொண்டு வந்து காட்டினால் இவன் கண்ணாலேயே பார்த்து அதே நிறத்தைக் கொண்டுவந்துவிடுவான். "வெள்ளை எட்டுப் பங்கு, மஞ்சள் ஒரு பங்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே கலக்குவதால் கடையில் எல்லாரும் அவனைப் பங்கு என்றுதான் கூப்பிடுவார்கள். கெட்டிக்காரன்தான். ஆனால் தன் கெட்டிக்காரத்தனத்தின்மேல் அவனுக்கு இருக்கிற நம்பிக்கை இருக்கிறதே, அதை அளக்க எந்தக் கரண்டியும் போதாது.

"பசிக்குது போல. இன்னொரு புட்டி கலக்கு" என்றான், கையைக் கழுவிக்கொண்டே.

"வாயை மூடு" என்றேன். குழந்தை டாக்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். நான் சொன்னதையெல்லாம் டாக்டரம்மா குறுக்கிடாமல் கேட்டார்.

"பால் எப்படிக் கரைக்கிறீங்க?"

தம்பி மனைவி பதில் சொன்னாள். "டப்பாவுல போட்டிருக்கிறபடிதான் டாக்டர். முப்பது மில்லி தண்ணிக்கு ஒரு கரண்டி."

"கரண்டி அந்த டப்பாவுக்குள்ள இருந்ததுதானே?"

அவள் திரும்பித் தம்பியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"அது முந்தாநாள் வெந்நியில போட்டப்போ வளைஞ்சு போச்சு டாக்டர்" என்றான் தம்பி. "இதுக்கு முன்னாடி வாங்கின டப்பாவோட கரண்டி இருந்துச்சு. அதைத்தான் போடறோம். கரண்டி எதுவா இருந்தா என்ன டாக்டர், ஒண்ணுக்கு முப்பது. விகிதம் மாறலையே."

"நான் கேட்டேன்" என்றாள் தம்பி மனைவி மெதுவாக. "இது வேற டப்பாவோடது ஆச்சேன்னு கேட்டேன். சிரிச்சீங்க."

சிரித்திருப்பான். எனக்கு அந்தச் சிரிப்பு தெரியும். கப்பில் அளந்தாலும் வாளியில் அளந்தாலும் எட்டுக்கு ஒன்று எட்டுக்கு ஒன்றுதான், கலர் மாறாது என்று ஊருக்கே பாடம் எடுக்கிறவன்.

"அந்தப் பழைய டப்பா இருக்கா? அதுல என்ன போட்டிருக்குன்னு பாருங்க" என்றார் டாக்டர்.

பால்கனியில் அந்த டப்பாவில் துணி கிளிப் போட்டு வைத்திருந்தோம். கிளிப்பை எல்லாம் தரையில் கவிழ்த்துவிட்டு டப்பாவை வெளிச்சத்தில் திருப்பினேன். 'அறுபது மில்லி தண்ணீருக்கு ஒரு கரண்டி.'

சத்தமாகப் படித்தேன். தம்பி என் கையிலிருந்து டப்பாவைப் பிடுங்கித் தானும் படித்தான். பிறகு சமையல் மேடையில் கிடந்த புட்டியைப் பார்த்தான். அதன் பக்கவாட்டில் மில்லி கோடுகள் இருந்தன. அவன் முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

"தண்ணிய நாம கரண்டியால அளக்கலையே" என்றான். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை. "ரெண்டையும் ஒரே கப்புல அளந்தாத்தான் கப்பு எதுவா இருந்தாலும் பரவாயில்ல. தண்ணிய கோட்டுல அளந்தோம். பவுடர மட்டும் பெரிய கரண்டியில போட்டோம். அப்போ ரெண்டு மடங்கு..."

ரெண்டு மடங்கு கெட்டிப் பால். குழந்தை பசியில் அழவில்லை, தாகத்தில் அழுதிருக்கிறது. தாகத்துக்கு நாங்கள் மறுபடியும் கெட்டிப் பாலையே கொடுத்து மேலும் தாகமாக்கியிருக்கிறோம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனை அங்கேயே அறைந்திருப்பேன். கையில் குழந்தை இருந்தது.

"உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்றார் டாக்டர். "ஒண்ணு கவனமா கேளுங்க. வர்ற வழியில வெறும் தண்ணி குடுக்காதீங்க. ரத்தத்துல உப்பு ஏறியிருக்கலாம். திடீர்னு தண்ணி உள்ள போனா மூளை வீங்கிடும். நான் பார்த்து, ரத்தம் எடுத்து, மெதுவாத்தான் இறக்கணும். புரியுதா?"

"புரியுது" என்றேன். தம்பிக்குப் புரியவில்லை என்பது வேன் கிளம்பிய பிறகுதான் தெரிந்தது.

இருவரும் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடியில் பார்த்தேன். அவன் மடியில் ஆறவைத்த வெந்நீர்ப் புட்டி.

"அது எதுக்குடா?"

"குறைஞ்சது தண்ணிதானே அக்கா? பெயின்ட் கெட்டியாயிடுச்சுன்னா குறைஞ்சதை ஊத்தினா சரியாயிடும். ரெண்டு வாய் குடுத்தா என்ன? அவ தொண்டையைப் பாரு, காஞ்சு கிடக்கு."

"டாக்டர் சொன்னது காதுல விழலையா? இன்னும் உன் கணக்கு தீரலையா?"

அவன் புட்டியைக் கீழே வைக்கவில்லை. ஆனால் மூடியையும் திறக்கவில்லை. நான் ஹாரனில் கையை வைத்தபடி சந்தையைத் தாண்டினேன். ஆட்கள் திட்டினார்கள், திருப்பித் திட்டினேன். ரயில்வே கேட் அருகே போகும்போது சிவப்பு விளக்கு எரிந்து, கம்பி கண்ணெதிரே இறங்கியது.

சரக்கு ரயில். பெட்டி பெட்டியாக, எங்களுக்கு அவசரம் என்று ஒன்று இருப்பதே தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. பின்னால் வண்டிகள் நெருக்கி நின்றுவிட்டன. திரும்பவும் வழியில்லை.

அப்போதுதான் உருண்டையின் அழுகை நின்றது.

நின்றுவிட்டால் நிம்மதியாக இருக்கும் என்று மாடியேறியதிலிருந்து வேண்டிக்கொண்ட அழுகை அது. நின்றபோது பதறிப்போய்ப் பின்னால் திரும்பினேன்.

"கண்ணு சொருகுது" என்று தம்பி மனைவி அலறினாள். "இங்க குடுங்க அந்தப் புட்டிய. குடுங்கன்னா! தாகத்துலயே என் பிள்ளை போயிடுவா."

"வேண்டாம்மா" என்று நான் கத்தினேன். ஸ்டீயரிங்கிலிருந்து எழுந்து பின்னால் போகப் பார்த்தேன். சீட் பெல்ட் இழுத்தது. பிசாசு பிடித்த பெல்ட், கழற்ற வரவில்லை.

அவள் புட்டியைப் பிடித்து இழுத்தாள். அவன் விடவில்லை. ஒரு நிமிஷம் முன்புவரை தண்ணீர் கொடுக்கத் துடித்தவன், இப்போது இரண்டு கையாலும் அதை இறுக்கிப் பிடித்திருந்தான்.

"கேளு, கேளு" என்றான். "கெட்டிப் பெயின்ட்டுல தின்னரை ஒரேயடியா கொட்டினா கலந்துக்காது. திரிஞ்சிடும். அப்புறம் எவ்வளவு கலக்கினாலும் சேராது, டிரம்மோட தூக்கிப் போட வேண்டியதுதான். சொட்டுச் சொட்டா விட்டுக் கலக்கணும். இது எனக்குத் தெரியும். தெரிஞ்சும்... டாக்டர் சொன்னதும் அதேதான்."

சொல்லிக்கொண்டே மூடியைத் திருகித் திறந்து, புட்டியை ஜன்னலுக்கு வெளியே கவிழ்த்தான். தண்ணீர் வேனின் பக்கவாட்டில் வழிந்து தார் ரோட்டில் விழுந்தது. தாகத்தில் மயங்குகிற குழந்தையின் கண்ணெதிரே, அவளைப் பெற்றவன் தண்ணீரைக் கொட்டினான். தம்பி மனைவி அவன் தோளில் அடித்தாள். மாறி மாறி அடித்தாள். அவன் தடுக்கவில்லை. குழந்தையின் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டு, "முழிச்சுக்கோடா, முழிச்சுக்கோடா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான்.

கேட் மேலே போனது. அதற்குப் பிறகு நான் எப்படி ஓட்டினேன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

டாக்டர் வாசலிலேயே நின்றிருந்தார். குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார். ரத்தப் பரிசோதனை முடிந்து வெளியே வந்தவர் முதலில் கேட்டது, வழியில் தண்ணீர் கொடுத்தீர்களா என்பதுதான். இல்லை என்றதும் மூச்சை இழுத்து விட்டார். "நல்ல வேளை. உப்பு ரொம்பவே ஏறியிருக்கு. மெதுவா இறக்கப் பார்க்கறோம். இப்போதைக்கு வேற எதுவும் சொல்ல முடியாது."

சலைன் ஏறியது. அது சொட்டிய வேகத்தைப் பார்த்தால் யாருக்கும் எரிச்சல் வரும். ஒரு சொட்டு தொங்கும், பருக்கும், யோசிக்கும், பிறகு மனசில்லாமல் விழும். எனக்கே எழுந்து அந்தக் குழாயை உலுக்கலாமா என்றிருந்தது. தம்பி தரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். தம்பி மனைவி கட்டிலின் மறுபுறம் நாற்காலியில் இருந்தாள். அவனைப் பார்க்கவே இல்லை. அவன் கொண்டுவந்து வைத்த காபி ஆறி, ஆடை படிந்து, அப்படியே இருந்தது. நானும் சமாதானம் பேசப் போகவில்லை. அவளுக்குக் கோபப்பட உரிமை இருந்தது.

விடிந்து வெயில் வந்தபோது உருண்டை முனகினாள். பிறகு வாயைக் கோணி அழுதாள். கீச்சென்று இல்லை, பழைய கணீர்க் குரல். பக்கத்துக் கட்டில்காரர் திடுக்கிட்டு எழுந்தார். அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு.

தம்பி மனைவி குனிந்து டயப்பரைத் தொட்டாள். கையை அங்கேயே வைத்திருந்தாள்.

"நனைஞ்சிருக்கு" என்றாள்.

சிஸ்டர் வந்து வேறு மாற்றச் சொன்னார். "அதைத் தூக்கிப் போட்டுடாதீங்க. எடை போடணும். காய்ஞ்ச டயப்பர் எடையக் கழிச்சா எவ்வளவு போயிருக்கான்னு தெரியும். உள்ள போனதுக்கும் வெளிய வந்ததுக்கும் கணக்கு சரியா வரணும். தராசு அந்த மூலையில இருக்கு."

நான் கை நீட்டினேன். தம்பி மனைவி என்னிடம் தரவில்லை. கட்டிலைச் சுற்றிக்கொண்டு போய், தரையில் உட்கார்ந்திருந்தவன் முன்னால் நின்றாள். அவன் நிமிர்ந்தான். அடி வாங்கத் தயாராக இருப்பவன் மாதிரிதான் நிமிர்ந்தான்.

ஈர டயப்பரை அவன் இரண்டு கைகளிலும் வைத்தாள்.

"காய்ஞ்சது ஒண்ணையும் எடுத்துட்டுப் போங்க" என்றாள். "ரெண்டையும் ஒரே தராசுல போட்டு அளந்துட்டு வாங்க."