ஹல்வோரின் இடது காது

2012இல் மன்னாருக்கு வந்த நோர்வே பத்திரிகையாளர் ஹல்வோரின் இடது காதுக்குள்ளிருந்து பதினெட்டு ஆண்டுகளாக மற்றவர்களின் பேச்சுக் கேட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருக்கும் எவருக்கும் அது தெளிவாகக் கேட்கும். சரயேவோவில் ஒரு பேக்கரிக்காரர் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் சுருக்கிச் சொன்ன நாளில் அது தொடங்கியது. அதன்பின் எந்த நாட்டுப் போரை எழுதப் போனாலும், மொழிபெயர்ப்பில் விடுபட்ட வார்த்தைகள் சொன்னவரின் குரலிலேயே அந்தக் காதில் வந்து தங்கின. ஐந்து புத்தகங்கள் வெளிவந்தன, இரண்டு விருதுகள் கிடைத்தன. ஒஸ்லோவின் காது வைத்தியர் பஞ்சு வைக்கச் சொன்னார். அழும் பெண்களோடு ஒரே கட்டிலில் படுக்க முடியாது என்று ஏழாம் ஆண்டில் மனைவி போய்விட்டாள்.

மீள்குடியேற்றம் பற்றிய ஆறாவது புத்தகத்துக்காக இலுப்பைக்கடவை போனவர், இந்தியாவின் மண்டபம் அகதி முகாமிலிருந்து திரும்பியிருந்த அகஸ்ரினாவின் தகரக் கொட்டிலில் கதிரை போட்டு உட்கார்ந்தார். செல்வநாயகம் மாஸ்ரர் மொழிபெயர்த்தார். இந்தியாவுக்குப் படகேறியது, தம்பி றொசாந்தனைத் தவறவிட்டது, நாலு கந்தோர்களில் அவன் பெயரைப் பதிந்தது எல்லாம் சொல்லிக்கொண்டிருந்த அகஸ்ரினா, தேத்தண்ணி கொடுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள். வேர்வையில் பஞ்சு நழுவி விழுந்திருந்தது.

"மாஸ்ரர், இந்த ஐயாவின்ர காதுக்குள்ள என்ர தம்பி கதைக்கிறான்."

ஹல்வோர் வெட்கப்பட்டுக் காதைப் பொத்தினார். "கையை எடுங்கோ," என்றாள். எடுத்ததும் காதுக்குள்ளிருந்து றொசாந்தனின் குரல் வந்தது.

"எங்கட அக்கா அகஸ்ரினாவைக் கண்டா சொல்லுங்கோ. நான் புத்தளம் போறன். கொண்டச்சி றசாக் நானாவின்ர உப்பளத்தில நிப்பன்."

ஹல்வோர் பழைய குறிப்பேட்டைப் புரட்டினார். 2007, வெள்ளாங்குளம், மீன்பிடிக்கும் இளைஞன் ஒருவன். அன்றைய மொழிபெயர்ப்பாளர் தந்தது ஒரே வரி: இடம்பெயரப் போகிறாராம். அந்த வரியை நான்காம் புத்தகத்தில் அவர் அழகாக எழுதியிருந்தார். அதை நினைக்க அவருக்குக் கூசியது.

மறுநாள் மூவரும் பஸ் ஏறினார்கள். புத்தளத்தில், கொண்டச்சி ஊர்க்காரரான அப்துல் றசாக்கின் உப்பளத்தில், சண்டைக்காலப் பயத்தில் வைத்துக்கொண்ட யோசேப் என்ற பெயரில், றொசாந்தன் உப்பு வாரிக்கொண்டிருந்தான். அக்கா போன படகு கவிழ்ந்ததென்று எவரோ சொன்னதை நம்பி, ஊரில் இனி ஆருமில்லை என்று அங்கேயே தங்கிவிட்டிருந்தான். வருடம் தவறாமல் அவளுடைய ஆன்மாவுக்குப் பூசையும் கொடுத்திருந்தான்.

"எனக்கோ பூசை குடுத்தனீ?" என்று அகஸ்ரினா அவன் முதுகில் இரண்டு வைத்தாள். பிறகுதான் அழுதாள்.

"முதல்ல சாப்பிடுங்கோ, பிள்ளை," என்றார் றசாக்.

அவர்கள் சாப்பிடும்போது ஹல்வோரின் காதில் ஒரு குரல் குறைந்திருந்தது. பல் பிடுங்கிய இடம்போல அங்கே ஒரு சுகம் இருந்தது.

ஆறாவது புத்தகத்தை அவர் எழுதவில்லை. பத்திரிகை வேலையை விட்டார். வருடத்தில் பாதி இலுப்பைக்கடவையிலும் மீதி தான் முன்பு எழுதிய நாடுகளிலுமாக, குரல்களை உரியவர்களிடம் சேர்த்தார். சில குரல்கள் சாவைத்தான் சொல்லின. கேட்டவர்கள் அழுது முடித்து, இனித் திவசத்துக்கு நாள் குறிக்கலாம் என்று மூச்சு விட்டார்கள். வெள்ளாங்குளம் பஸ்ஸில் வந்தவர்கள் அகஸ்ரினாவின் கொட்டில் வாசலில் போட்ட வாங்கில் வரிசையாக உட்கார்ந்து, முறை வந்ததும் அவர் காதோடு காது வைத்துக் கேட்டுவிட்டுப் போனார்கள். ஊரில் எவரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. ஹல்வோர் குறட்டைவிட்டுத் தூங்கப் பழகியிருந்ததால், மத்தியானம் இரண்டுக்கும் நாலுக்கும் இடையில் மட்டும் வரவேண்டாம் என்று அகஸ்ரினா எல்லாருக்கும் சொல்லிவைத்திருந்தாள்.