டார்ச் பிடித்தவள்

அண்ணன் பழைய பின்பால் மெஷினை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று முதலில் வெளியே போனது தங்கையின் மேசைதான். மூடிப்போன விளையாட்டுக் கூடம் ஒன்றிலிருந்து நாலு பேர் மூச்சிரைக்கத் தூக்கிவந்த சாமான் அது. சாய்ந்த பலகை, மேலே கண்ணாடி. ஸ்பிரிங்கை இழுத்துவிட்டால் உள்ளே இரும்புக் குண்டு ஓட வேண்டும். பட்டனை அமுக்கினால் இரண்டு சின்ன மட்டைகள் அதைக் கீழே விழவிடாமல் தட்டி மேலே அனுப்ப வேண்டும். எல்லாம் மெஷினுக்கு உயிர் இருந்தால். இதற்கு உயிர் போய் முப்பது வருஷம்.

"ஹால்ல வெச்சா சோபாவ எங்க போடறது?" என்றாள் அம்மா. சோபாவுக்கு இருந்த மரியாதை தங்கைக்கு இல்லை. மெஷின் அவள் அறைக்குள் போனது.

"பத்தே நாள். ரெடி பண்ணி ஹாலுக்குக் கொண்டு போயிடுவேன். அண்ணன் சொன்னா சொன்னதுதான்."

வீட்டில் அவளுக்குப் பெயர் 'டிகிரி'. அந்தக் குடும்பத்தில் கல்லூரி முடித்த முதல் ஆள், படித்தது எலக்ட்ரானிக்ஸ். பெருமையாக வைத்த பெயர் என்பாள் அம்மா. பாத்திரம் கழுவாமல் கிடக்கும்போதுதான் அந்தப் பெருமை பொங்கிக்கொண்டு வரும்: "டிகிரி, சிங்க்ல என்ன கிடக்குன்னு பாரு."

மேசை சமையலறையில், ஃபிரிட்ஜுக்கும் சிலிண்டருக்கும் நடுவே செருகப்பட்டது. முதல் வேலை நேர்காணல் அங்கேதான், லேப்டாப்பில். மின்சுற்று ஒன்றை அவள் விளக்கிக்கொண்டிருக்கையில் குக்கர் மூன்று விசில் அடித்தது. "ரயில்வே ஸ்டேஷன்ல இருக்கீங்களா?" என்று கேட்டார் எதிர்முனை ஆள். அந்த வேலை அந்த ரயிலிலேயே ஏறிப் போய்விட்டது.

பத்து நாள் நாலு மாதமானது. செல்போன் ஷோரூமில் சேல்ஸ்மேனான அண்ணன் ஞாயிறுதோறும் வந்து கண்ணாடியைத் துடைப்பான். துடைப்பதை வீடியோ எடுத்து, போர்க்களத்துக்குப் போடுகிற மாதிரி ஒரு இசையைச் சேர்த்து, 'பழமைக்குப் புத்துயிர், பாகம் பதினொன்று' என்று ஊருக்குக் காட்டுவான். பதினோரு பாகத்திலும் அதே கண்ணாடி, அதே துணி.

அடுத்த நேர்காணலுக்கு அழைப்பு வந்தபோது பன்னிரண்டு நாள் இருந்தது. மெஷின் ஓடினால்தான் அறை திரும்பும். இவன் கையால் அது ஏழு ஜென்மத்துக்கும் ஓடாது. அண்ணன் ஷோரூமுக்குக் கிளம்பியதும் அவளே மெஷினைத் திறந்தாள்.

உள்ளே வைத்திருந்த மின்சுற்று வரைபடம் மடிப்புக் கலையாமல் இருந்தது. ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் பிஸ்கட் பாக்கெட்டின் வெள்ளித்தாள். எரிய வேண்டிய ஃபியூஸ் இல்லாததால் மட்டையை இழுக்கும் கம்பிச்சுருளான 'காயில்' கரியாகியிருந்தது. புதுச் சுருள் வரவழைத்துப் பற்றவைத்தாள். சுவிட்ச் தகடுகளை ஒவ்வொன்றாக மெல்லிய அரத்தால் தேய்த்தாள். சால்டரிங் சூட்டில் இரண்டு விரல் கொப்புளித்தது. ஒன்பதாம் நாள் குண்டு ஓடியது, மணி அடித்தது.

வரைபடத்தில் இருந்தும் மெஷினில் இல்லாதது ஒன்றே ஒன்று: ஒரு கம்பியில் தொங்க வேண்டிய சின்ன எடை. கம்பியைச் சுற்றி இரும்பு வளையம். யாராவது மெஷினை அடித்து ஆட்டினால் எடை வளையத்தில் முட்டும். மட்டைகள் செத்து, 'டில்ட்' விளக்கு எரியும். முரட்டுத்தனத்துக்கு மெஷினே கொடுக்கும் தண்டனை. அந்த எடை அண்ணனின் பைக் சாவியில் ஆடிக்கொண்டிருந்தது. "சும்மா தொங்கிட்டிருந்துச்சு, வேஸ்ட்" என்று முதல் நாளே கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். அது இல்லாமலும் ஆட்டம் நடக்கும் என்பதால் அவள் விட்டுவிட்டாள்.

ஞாயிறு காலை திறப்பு விழா. தாய்மாமாவும் அண்ணனின் மூன்று கூட்டாளிகளும் வந்தார்கள்.

"கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு ஒவ்வொரு வயரா பார்த்தேன் மாமா," என்றான் அண்ணன். "டிகிரியும் கூட நின்னா. டார்ச் புடிச்சா."

பிறகு ஆடினான். இடுப்பால் இடித்தான், உள்ளங்கையால் அறைந்தான். கூட்டாளிகள் விசிலடித்தார்கள்.

"அதான் ஓடுதுல்ல. ஹாலுக்குத் தூக்கிடலாமாண்ணா? நாளைக்கு எனக்கு இண்டர்வியூ."

"இங்கயே செட் ஆயிடுச்சே! இனி இதான் கேம் ரூம்."

"என்னைக்கிருந்தாலும் வேற வீட்டுக்குப் போறவ," என்றாள் அம்மா. "உனக்கு எதுக்குடி தனி ரூம்?"

அவள் அழவில்லை. கை நீட்டினாள். "பைக் சாவி குடுண்ணா."

கொடுத்தான். எடையைக் கழற்றி, மெஷினின் முன்புறம் காசு போடும் சின்னக் கதவைத் திறந்து, கம்பியில் மாட்டித் திருகினாள். கதவைப் பூட்டி அதன் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள்.

"ஏய், அத எதுக்கு மாட்டற?"

"பழமைக்குப் புத்துயிர்னா இருந்ததெல்லாம் இருக்கணும்ல."

அண்ணன் ஆடினான், இடித்தான். விளக்கு எரிந்தது, மட்டைகள் செத்தன. மறுபடி ஆடினான், மறுபடி செத்தன. ஐந்தாம் முறை கூட்டாளிகள் தரையைப் பார்த்தார்கள். தோள்வலிக்காரரான மாமா பூப்போலத் தட்டினார். மணி விடாமல் அடித்தது.

"மெஷின் நல்லாத்தானே இருக்கு மாப்ள?"

அண்ணன் அவள் காதோரம் வந்தான். "அத எடுத்துத் தொலையேன்."

"ஒவ்வொரு வயரா பார்த்தவன் நீ. நான் டார்ச் புடிச்சவ," என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. மாமாவுக்குச் சிரிப்பில் புரையேறியது. "ஹாலுக்குத் தூக்கு. இங்க இருக்கறவரைக்கும் கதவத் திறக்கமாட்டேன்."

கால்களைக் கழற்றி நாலு பேராகத் தூக்கினார்கள். "சோபா, சோபா!" என்று அம்மா பின்னாலேயே ஓடினாள். ஹாலில் கால்களை மாட்டி நிமிர்ந்த அண்ணன் வியர்வையைத் துடைத்தான்.

"இப்பத் திறடி."

சமையலறையிலிருந்து மேசையை இழுத்துக்கொண்டு வந்தவள் நிற்கவில்லை. "பத்தே நாள். திறந்துடறேன். டிகிரி சொன்னா சொன்னதுதான்."

அறைக் கதவு சாத்திக்கொண்டது.

மறுநாள் மெஷினுக்காகவே அண்ணன் லீவு போட்டிருந்தான். நேர்காணல் நடுவே ஹாலில் ஒரு இடி, பிறகு அமைதி, பிறகு "ச்சே!"

"பின்னால என்ன சத்தம்?" என்று கேட்டார் எதிர்முனை ஆள்.

"ஒண்ணுமில்ல சார்," என்றாள். "எங்க வீட்ல ஒரு சேஃப்டி சுவிட்ச் ஒழுங்கா வேலை செய்யுது."