வலப்பக்கத்துக் கை

லெப்டொப்பை மடியில் வைத்து, பிஸ்மில்லாச் சொல்லி மூடியைத் தூக்கினாள் ஜெஸீமா. மூடி வரவில்லை. இன்னொரு தடவை பிஸ்மில்லாச் சொல்லித் தூக்கினாள். அப்போதும் வரவில்லை. அவளுடைய ராத்தா, மூத்த சகோதரி பீபிதான் அதை வாங்கி மறுபக்கம் திருப்பிக் கொடுத்தாள்.

"பின்பக்கத்தப் புடிச்சித் தூக்கினா எப்பிடித் தொறக்கும்?"

ஜெஸீமா இருபத்தொன்பது வருடமாகக் கணிதம் படிப்பிக்கிறவள். ஆறு வருடமாக இந்தப் பெட்டியில் வகுப்பு எடுக்கிறவள். ஆனால் இதன் மூடியை அவள் தன் கையால் திறந்தது இன்றைக்குத்தான்.

கூடத்தில் அவளுடைய கணவர் லாபிர் வெள்ளைக் கபன் துணி சுற்றிக் கிடந்தார். முகம் மட்டும் திறந்திருந்தது. காலையில் குளித்துவிட்டு வந்து, சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த மனுஷன், மூன்றாவது பொத்தானோடு கட்டிலில் உட்கார்ந்தவர்தான். ஆஸ்பத்திரியில் கிளினிக் கொப்பியைப் பார்த்தார்கள், நெஞ்சு வருத்தம் எழுதியிருந்தது, அதிகம் மினக்கெடாமல் உடலைத் தந்துவிட்டார்கள். அஸர் தொழுகையோடு அடக்கம் என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கி மாத்தளை டவுனுக்கே சொல்லிவிட்டது.

அறை வாசலில் தொங்கிய திரைக்கு அந்தப் பக்கமிருந்து நுஹ்மானின் குரல் வந்தது. லாபிரின் மூத்த சகோதரர், அவளுக்கும் நானா. விதவையின் மறைவுக் காலமான இத்தா தொடங்கிவிட்டதால் அவர் இனி உள்ளே வரமாட்டார்.

"தங்கச்சி, மூணேகாலுக்குத் தூக்கணும். மையித்த வெச்சிட்டு இரிக்கக்கூடாது. மகனுக்குக் காட்டுறதுன்னா இப்பவே காட்டிப் போடுங்க."

"காட்டுறேன் நானா."

மகன் றிஸ்வான் துபாயில் இருந்தான். காலையில் போனில் அழுது முடித்துவிட்டு அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நான் வந்து சேர நாளைக்குப் பகலாகும் உம்மா. எனக்காக வெச்சிரிக்க வாணாம். மொகத்த மட்டும் ஒருக்காக் காட்டுங்க." அந்த நாட்டில் வாட்ஸ்அப்பில் எழுத்துப் போகும், பதிவு செய்த குரல் போகும், முகம் போகாது. அதனால் வெள்ளிக்கிழமை தோறும் லாபிர், ஜெஸீமா வகுப்பு எடுக்கும் ஸூம் அறையையே மகனுக்கும் திறந்து வைப்பார். வகுப்புக்கும் வீட்டுக்கும் ஒரே லிங்க். அவள் குழம்பிப் போவாள் என்றுதான் அவர் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்.

அவள் குழம்புவாள் என்பது அவர்கள் இரண்டு பேருக்கும் அல்லாஹ்வுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். சுவரில் தொங்கும் சான்றிதழ் வேறு கதை சொல்லும். இணையவழிக் கற்பித்தலில் சிறந்து விளங்கிய ஆசிரியை என்று கொரோனாக் காலத்தில் கொடுத்தது. அதை நம்பி அதிபர் இரண்டு புது டீச்சர்மாரை வீட்டுக்கே அனுப்பிவைத்தார், பழகிக்கொண்டு வரச்சொல்லி. ஜெஸீமா அவர்களுக்குத் தேத்தண்ணியும் வட்டிலப்பமும் கொடுத்து, "அது பழகப் பழகத் தானா வரும்" என்று சொல்லி வழியனுப்பிவிட்டாள். குசினிக்குள் லாபிர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது அவளுக்குக் கேட்டது.

நடந்தது இதுதான். பயிற்சி வகுப்பில் இரண்டு நாள் உட்கார்ந்துவிட்டுத் தலையிடியோடு அவள் வீட்டுக்கு வந்தாள். முப்பத்திரண்டு வருடம் மாத்தளை - ரத்தோட்டை பஸ்ஸில் கொண்டக்டராக இருந்து ஓய்வு பெற்று, என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுக்குள் குறுக்கும் மறுக்கும் நடந்துகொண்டிருந்த லாபிர், அந்தப் பெட்டியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"இது பஸ் தானே ஜெஸீ. வெளிய நிக்கிற ஆக்கள ஏத்தணும். சத்தம் போடுறவன அடக்கணும். முடிஞ்சதும் எறக்கணும். நீ ஓட்டு. மத்தத நான் பாத்துக்கிறேன்."

அன்றிலிருந்து அவர் கெமராவுக்குப் படாமல் அவளுக்கு வலப்பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டார். பிள்ளைகளுக்கு அவருடைய முகம் தெரியாது. ஒரு கைதான் தெரியும். திடீரென்று வலப்பக்கத்திலிருந்து வரும், திரையைச் சற்றுச் சரிக்கும், மைக்கை அமத்தும், போய்விடும். பஸ் கதவில் மாட்டிப் பாதி நகம் போன மோதிர விரல். எல்லோரும் ஏறிய பிறகு அந்தக் கையின் சொந்தக்காரர் "ரைட்!" என்பார். முதல் கிழமை பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு "ரைட்" வராமல் ஒருவரும் கொப்பியைத் திறப்பதில்லை. வகுப்பு முடிந்தால் "பாத்து எறங்குங்க" என்பார். அதன் பிறகுதான் ஒவ்வொருவராய்ப் போவார்கள். ஆயுசு முழுக்கக் கொண்டக்டர் என்றே கூப்பிடப்பட்டவரை அந்தப் பிள்ளைகள் "சேர்" என்றார்கள். மனுஷனுக்கு அதில் பெருமை தாங்காது.

போன நவம்பர் மழையில் மலை சரிந்து ரத்தோட்டைக்கு மேலே பாதை அறுந்த பிறகு, அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்காக தினமும் பின்னேரம் மூன்று மணிக்கு இன்னொரு வகுப்புத் தொடங்கினார்கள். சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் சில கிழமைகளே இருந்தன. நேற்றுக்கூட வகுப்பு முடிந்த பிறகு அவர் சொன்னார்.

"ஒருக்கா நீயே அமத்திப் பாரேன் ஜெஸீ. கடிக்காது."

"எனக்கென்னத்துக்கு? நீங்க இரிக்கிறீங்க தானே."

இப்போது அந்தப் பெட்டி அவள் மடியில் இருந்தது. கடவுச்சொல் தெரியும், அது அவளுடைய பெயர்தான். ஒற்றை விரலால் அதை அடித்தாள். நீல நிறத்தில் ஒரு கெமராப் படம் இருக்கும், அதைத்தான் அவர் முதலில் அமத்துவார். அமத்தினாள். சட்டம் ஒன்று திறந்தது. அதற்குள் வெள்ளைத் துணி போர்த்திய ஒரு பெண் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ என்று நினைத்தாள், பிறகுதான் அது தானென்று விளங்கியது.

மணிச் சத்தம் கேட்டது. அதன் பின்னால் இன்னொன்று, இன்னொன்று. பக்கத்தில், வெளியே காத்து நிற்பவர்களின் பெயர்கள் வரிசையாய் வந்து நின்றன. மூக்குக் கண்ணாடியைக் காலையில் எங்கேயோ வைத்துவிட்டாள். கண் வேறு நீரும் உப்புமாய் எரிந்தது. றிஸ்வானின் பெயரைத் தேடினாள், எல்லாம் எறும்பு எறும்பாய்த் தெரிந்தது. மேலே ஒரே ஒரு நீலப் பொத்தான் தெளிவாக இருந்தது. அதை அமத்தினாள்.

"வணக்கம் டீச்சர்!"

"அஸ்ஸலாமு அலைக்கும் டீச்சர்!"

"டீச்சர், கேக்குதா?"

கூடத்தில் யாஸீன் ஓதிக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள். அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்துக்குள் புகுந்தது போல முப்பத்தேழு பிள்ளைகள் அந்த அறைக்குள் வந்து நின்றார்கள். மணி மூன்று. இன்றைக்கு வகுப்பில்லை என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர், ஒவ்வொரு நாளும் வகுப்புக் குழுவில் செய்தி போடுகிறவர், கூடத்தில் கிடந்தார்.

"என்ன சத்தம் அது?" திரைக்கு வெளியே நுஹ்மான் பதறினார்.

பீபி எட்டிப் பார்த்தாள். "யாருடீ இவங்கெல்லாம்?"

"எண்ட புள்ளைகள்."

ஒரு பையன் அவசரப்பட்டான். "டீச்சர், சேர் எங்க? இன்னம் ரைட் சொல்லல்ல."

காலையிலிருந்து அந்தச் செய்தியை யார் யாரோ சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்னார், பள்ளிவாசல் சொன்னது, பீபி போன் போட்டு றிஸ்வானுக்கும், ஏன், வஹகோட்டையில் இருக்கும் கூட்டாளி டீச்சருக்குக்கூடச் சொல்லிவிட்டாள். ஜெஸீமா இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்லாத வரைக்கும் அது மற்றவர்களின் பேச்சாகவே இருந்தது.

"புள்ளைகள்," என்றாள், வகுப்பில் சொல்கிற அதே குரலில். "சேர் மவுத்தாயிட்டாரு. காலைல."

சத்தம் முழுவதும் அடங்கியது. லாபிர் இருந்திருந்தால் அப்படி ஒரு அடக்கத்தைக் கண்டு சந்தோஷப்பட்டிருப்பார்.

"தங்கச்சி, அவங்கள வெளிய அனுப்புங்க," என்றார் நுஹ்மான். "மையித்த ஊருக்கெல்லாம் காட்டுறதா? இது என்ன படமா?"

அனுப்பத்தான் அவள் பார்த்தாள். ஏற்றியது எப்படி என்றே தெரியாதவளுக்கு இறக்குவது எங்கே தெரியும்? விரல் பொத்தான்களுக்கு மேலே அலைந்தது. ஒன்றை அமத்தப் போய் எல்லாம் மூடிக்கொண்டால், மகன் போய்விடுவான். மறுபடி திறக்க மூன்றேகால் ஆகிவிடும். இனி ஒரு நாளும் அவன் அந்த முகத்தைப் பார்க்கப் போவதில்லை.

"உம்மா."

கட்டங்களுக்கு நடுவே றிஸ்வான் இருந்தான். அவனுக்குப் பின்னால் இரண்டு அடுக்குக் கட்டில்கள், எல்லாம் காலி. அறையில் இருப்பவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள்.

"உம்மா, அவங்க இரிக்கட்டும். நான் இங்க தனியத்தான் இரிக்கிறேன்."

திரைக்கு வெளியே நுஹ்மான் தொண்டையைச் செருமினார். தம்பி மகன் அல்லவா, அவரே மடியில் வைத்துத் தாலாட்டிய பிள்ளை. "சரி," என்றார் கடைசியில். "படம் புடிச்சி வெக்கக்கூடாது. பாத்திட்டு மூடிரணும். நாங்க முத்தத்துல நிக்கிறோம்."

ஜெஸீமா லெப்டொப்பை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். பெண்கள் வழிவிட்டார்கள். கற்பூரமும் அத்தரும் மணத்தன. அங்கே வந்த பிறகுதான் ஒரு விஷயம் அவளுக்குப் புரிந்தது. அவருடைய முகத்தைக் காட்ட வேண்டுமானால் திரையை அவர் பக்கம் திருப்ப வேண்டும். திருப்பினால் மகன் அவளுக்குத் தெரியமாட்டான். பெட்டியின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். நின்றாள்.

"தெரியுதா மகன்?"

"இல்ல உம்மா. மேல் சுவர்தான் தெரியுது. கொஞ்சம் கீழ."

"இப்ப?"

"இன்னம் கொஞ்சம். கை ஆடுது உம்மா."

பீபி பக்கத்தில் வந்து அவளுடைய முழங்கையைத் தாங்கிக்கொண்டாள்.

"இப்ப?"

லாபிரின் நெற்றியில் திரையின் வெளிச்சம் இலேசாகப் பட்டிருந்தது. பெட்டிக்குள்ளிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது, பிறகு மெல்லிய குரலில் அவன் ஓதும் துஆ. ஜெஸீமா அசையாமல் நின்றாள். கை கடுத்தது. கடுக்கட்டும் என்று இருந்தது அவளுக்கு. பெற்ற மகன் வாப்பாவைப் பார்த்துவிட்டான், அது போதும்.

"சரி உம்மா," என்றான் றிஸ்வான். "மொகத்த மூடச் சொல்லுங்க."

திரையைத் தன் பக்கம் திருப்பியபோது அவள் திகைத்துப் போனாள். டேட்டா கரைந்துவிடும் என்று ஒரு நாளும் கெமராவைப் போடாத பிள்ளைகள். பெயர் மட்டும் எழுதிய கறுப்புக் கட்டங்களாகவே மாதக்கணக்கில் அவளுக்கு அறிமுகமானவர்கள். இன்று கட்டத்துக்குக் கட்டம் முகங்கள் இருந்தன. ஒருத்தி தலையில் துணி போட்டிருந்தாள். ஒருவன் கடைக்குள் அரிசி மூட்டைகளுக்கு நடுவே எழுந்து நின்றான். ரிவர்ஸ்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துத் தனுஷா, சிக்னல் கிடைக்கும் பாறையில், பனிக்குள் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கைகூப்பி நின்றாள்.

ஆண்கள் வந்தார்கள். பெண்கள் உள்ளே ஒதுங்கினார்கள். மையித் வைத்த சந்தூக்கைத் தூக்கும்போது கலிமா முற்றம் முழுக்க எழும்பியது. ஜெஸீமா அறை ஜன்னலின் விளிம்பில் லெப்டொப்பைப் பாதையைப் பார்க்க வைத்து, விழாமல் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டாள். ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாறி மாறி அவர் போனார். பேக்கரி வளைவில் வெள்ளைத் தொப்பிகள் ஒவ்வொன்றாய் மறைந்தன. அதற்கு மேல் பாதையில் ஒரு முச்சக்கர வண்டி மட்டும் நின்றது.

"உம்மா, நான் தொழப் போறேன்," என்றான் றிஸ்வான். அவனுடைய கட்டம் மறைந்தது.

பிள்ளைகள் போகவில்லை. அவள் மேசையில், தன் வழக்கமான இடத்தில் லெப்டொப்பை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அவர்கள் அப்படியே இருந்தார்கள். ஏன் போகாமல் இருக்கிறார்கள் என்று கொஞ்ச நேரம் அவளுக்குப் பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது.

"சரி புள்ளைகள்," என்றாள். "பாத்து எறங்குங்க."

ஒருவரும் அசையவில்லை. தனுஷா பாறையில் குனிந்து போனுக்குக் கிட்டே வந்தாள்.

"டீச்சர், ஒங்க சத்தம் வரலங்க. மைக் ஓஃப்ல இருக்கு."

ஜன்னலில் பிடித்தபோது எங்கேயோ விரல் பட்டிருக்க வேண்டும். ஜெஸீமா தலையை வலப்பக்கம் திருப்பி, ஆறு வருடமாகக் காத்திருந்தது போலவே காத்திருந்தாள். கதிரையை யாரோ வந்தவர்களுக்காக முற்றத்துக்கு எடுத்துப் போயிருந்தார்கள். அந்த இடத்தில் நிலத்தில் அதன் நான்கு கால்களின் தடம் மட்டும் இருந்தது.

அவள் திரைக்கு முகத்தைக் கிட்டே கொண்டுபோனாள். கீழே, இடது மூலையில், சிவப்புக் கோடு விழுந்த சின்ன மைக் படம் இருந்தது. ஆள்காட்டி விரலால் திரையின் அம்பை மெல்ல நகர்த்தினாள். அது ஒருமுறை தாண்டிப் போனது. திரும்பக் கொண்டுவந்தாள். அமத்தினாள். சிவப்புக் கோடு போய்விட்டது. அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"இப்பக் கேக்குதுங்க டீச்சர்," என்றாள் தனுஷா.

ஜெஸீமா இன்னும் ஒரு சொல்லும் பேசியிருக்கவில்லை.