பொன்சு வீட்டுச் சிவப்பு வரிசை

"அப்பா, கறுப்பு வெள்ளையில படம் எடுத்தா கலரெல்லாம் எங்கப்பா போகுது?"

செர்வா இதைக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. அப்பா அம்பொன்சா கேமராவின் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். பன்டமா கடைத்தெருவில் 'கர்த்தர் காண்கிறார் போட்டோ ஸ்டூடியோ' அவருடையதுதான். யோசிக்காமல் பதில் சொன்னார்.

"ஆண்டவர்கிட்ட போயிடுதும்மா."

செர்வா திருப்தியாக விளையாடப் போய்விட்டாள். அவருக்குத்தான் திருப்தியில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் முழங்காலிட்டபோது அந்தப் பதில் உறுத்தியது. தெரியாததையெல்லாம் ஆண்டவர் தலையில் கட்டுவது பக்தியா, சோம்பலா? மறுநாளே அடும் பகுதிக்குப் போய், கேமரா விற்கிறவரிடம் மகளின் கேள்வியை அப்படியே கேட்டார்.

கேமரா கடைக்காரர் சிரித்துவிட்டு விளக்கினார். படத் தரம் என்ற இடத்தில் 'ஜேபெக்' என்று வைத்தால் கேமராவே சமைத்துப் பரிமாறிவிடும். கறுப்பு வெள்ளையில் சமைத்தால் கலர் போனது போனதுதான். 'ரா' என்று வைத்தால் அரிசி, தக்காளி, மிளகாய் எல்லாம் சமைக்காமல் கூடையிலேயே இருக்கும். எப்போது வேண்டுமானாலும், எப்படி வேண்டுமானாலும் சமைத்துக்கொள்ளலாம். இரண்டையும் சேர்த்தே வைக்கவும் வழியுண்டு.

அன்றிலிருந்து அம்பொன்சா இரண்டையும் சேர்த்தே வைத்தார். மகளுக்குத் திருத்தமான பதிலும் சொன்னார். அதற்குள் அவள் வேறு கேள்விக்குப் போயிருந்தாள்.

அவதிப்பட்டவள் மனைவி அப்ராஃபி. வேனின் பின்பக்கம் ஜெனரேட்டரும் பிரிண்டருமாக உட்கார்ந்து, விசேஷம் நடக்கும் இடத்திலேயே படங்களை அச்செடுத்து, பாயில் பரப்பி விற்பது அவள் வேலை. மெமரி கார்டு சட்டென்று நிறைந்துவிடும்போதெல்லாம் அவள் குரல் உயரும்.

"பாதி கார்டு உங்க பொண்ணு கேட்ட கேள்விக்கே போயிடுது. இன்னொரு பிள்ளை பிறந்து இன்னொரு கேள்வி கேட்டா நாம லாரி வாங்கணும்."

அம்பொன்சாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எந்த விசேஷமானாலும் முதலில் ஒரு சின்ன ஜெபம். அடுத்து பிக்சர் ஸ்டைல், அதாவது நிறங்களைக் கேமரா எப்படிக் காட்ட வேண்டும் என்ற தேர்வு. கல்யாணமென்றால் வண்ணக் கட்டங்கள் நெய்த கென்டே துணி பளிச்சிடும்படி நிறத்தைக் கொஞ்சம் கூட்டுவார். 'போர்ட்ரெய்ட்' என்ற ஸ்டைலை அவர் நம்பமாட்டார். அதில் வைத்தால் தன் ஊர்க்காரர்களின் கறுத்த முகமெல்லாம் வேகாத இறால் நிறத்துக்குப் போகிறது என்பது அவர் புகார். "இதைச் செஞ்சவங்க நம்ம ஆளுங்க முகத்தைப் பார்த்ததே இல்ல போல. நாமதான் கேமராவுக்கு நம்மள அறிமுகம் செஞ்சு வைக்கணும்" என்பார். சாவு வீடென்றால் 'நியூட்ரல்' வைத்து, சிவப்பை மட்டும் ஒரு படி தூக்குவார். அங்கே சிவப்புக்கு வேலை இருக்கிறது. வந்தவர்கள் எல்லாரும் கறுப்பு உடுத்தியிருக்க, இறந்தவரின் நெருங்கிய ரத்தம் மட்டும் சிவப்பில் உட்கார்ந்திருக்கும். யார் யாருக்கு யார் என்று படம்தான் பின்னாளில் சாட்சி சொல்ல வேண்டும்.

மரக்கடை பொன்சு இறந்தபோது அந்தச் சாட்சிக்கு அவசியம் அதிகமாகவே இருந்தது. அவருடைய அக்கா மாமே போக்குவா, யார் சிவப்பு கட்டலாம், யார் கட்டக்கூடாது என்று தீர்மானிப்பதிலேயே தூக்கத்தைத் தொலைத்திருந்தாள். பக்கவாதத்தில் விழுந்த பொன்சுவைக் கடைசிவரை தூக்கி, துடைத்து, ஊட்டிவிட்டவள் லரிபா. வடக்கே போல்காட்டங்காவிலிருந்து வீட்டு வேலைக்கு வந்தவள். பொன்சு அவளை "மகளே" என்றுதான் கூப்பிடுவார். சாவுத் துணி எடுக்கும் நாளில் அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"மாமே, தலையில மட்டும் ஒரு சிவப்புத் துண்டு கட்டிக்கட்டுமா?"

"நீ நல்லவதான். யாரு இல்லேன்னா? ஆனா சிவப்பு ரத்தத்துக்கு. நீ கறுப்பு கட்டு" என்றாள் மாமே போக்குவா. கல்நெஞ்சக்காரி இல்லை. ஆனால் வழக்கம் என்று வந்துவிட்டால் அவள் காது கேட்காது.

சனிக்கிழமை காலை பந்தலுக்கு வந்த அம்பொன்சா வழக்கம்போல ஜெபித்தார். பொன்சு அவருக்குத் தெரிந்த மனிதர் என்பதால் ஜெபம் நீண்டது. முடித்துக் கண்ணைத் திறந்தபோது பெட்டி வந்துவிட்டது, பறை முழங்கியது, அவர் ஓடினார். ஜெபத்துக்கு அடுத்த வேலை விட்டுப்போயிற்று. முந்தின நாள் ஒரு மாப்பிள்ளை, தன் தாத்தா காலத்துப் படம்போல வேண்டுமென்று கேட்டதால் 'மோனோக்ரோம்' வைத்திருந்தார். கேமரா அதிலேயே நின்றது. இதில் ஆண்டவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மெனு அவர் பொறுப்பில் இல்லை.

இடையில் அவர் பின்பக்கத் திரையைப் பார்க்காமலில்லை. பார்த்தார். கறுப்பு உடையில் மனிதர்கள், வெள்ளைப் பந்தல், வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலிகள். சாவு வீட்டுப் படம் சாவு வீட்டுப் படமாகத்தான் இருந்தது. வெயிலில் கண்ணைச் சுருக்கிப் பார்த்துத் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போனார். கல்யாண வீடாக இருந்தால் முதல் படத்திலேயே பிடிபட்டிருக்கும்.

மதியம் குடும்பப் படம். முன்வரிசை முழுக்கச் சிவப்பு, பின்னால் கறுப்பு. முன்வரிசையின் இடது ஓரத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது அம்பொன்சாவின் கண்ணை உறுத்தியது.

"மாமே, இந்த ஓரம் பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கு. ஒருத்தர் வேணும்."

தண்ணீர்ப் பாக்கெட்டுகளோடு போய்க்கொண்டிருந்த லரிபாதான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாள்.

"சரி, அவளே நிக்கட்டும். கறுப்புதானே கட்டியிருக்கா. பார்க்கிறவங்களுக்குத் தெரியும்" என்றாள் மாமே போக்குவா.

கொஞ்ச நேரத்தில் அப்ராஃபி வேனிலிருந்து இறங்கி வந்தாள். நடை சரியில்லை. கையில் அச்சான படங்கள்.

"செர்வா அப்பா, பிரிண்டர்ல மை தீர்ந்துபோச்சுன்னு புது மை போட்டேன்."

"நல்லது."

"புது மை போட்டும் இப்படித்தான் வருது."

அம்பொன்சா படத்தைப் பார்த்தார். சிவப்பு வரிசை கரும் சாம்பலாகிக் கறுப்பு வரிசையோடு கரைந்திருந்தது.

மறைக்க முடியாது. பாயைச் சுற்றிக் கூட்டம் ஏற்கெனவே கூடியிருந்தது.

"இது நானா? என் சிவப்பு எங்க?"

"உனக்காவது முகம் இருக்கு. என்னைப் பாரு, என் மருமக மாதிரியே இருக்கேன்."

"போட்டோ மாஸ்டர், பொன்சு இப்பத்தான் செத்தாரா, வெள்ளைக்காரன் காலத்துல செத்தாரா?"

டுவும் என்ற குலத் தலைவர் படத்தைக் கண்ணாடி போட்டும் போடாமலும் பார்த்தார். "இதுல நான் யாரு, நாற்காலி வாடகைக்கு விட்டவன் யாரு? ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கோமே."

மாமே போக்குவா வந்தாள். படத்தை வாங்கினாள். சிவப்பு வரிசை இருந்த இடத்தை விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"ஏம்பா போட்டோ, என் தம்பியை நான் மறுபடியும் சாகச் சொல்ல முடியுமா?"

"முடியாது, மாமே."

"மறுபடியும் புதைக்க முடியுமா?"

"முடியாது, மாமே."

"அப்போ என் சிவப்பை எங்கேயிருந்து கொண்டு வருவே?"

அம்பொன்சா கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்தப் படம் பெரிதாக்கப்பட்டுக் குடும்ப வீட்டுக் கூடத்தில் தொங்கப் போகிறது. இன்று கெட்டுப்போனால் இனி என்றும் இல்லை. அதோடு பன்டமாவில் எந்தச் சாவுக்கும் அவரைக் கூப்பிடமாட்டார்கள். சுற்றி ஆளாளுக்குப் பேசினார்கள். ஒருவர் போலீஸ் என்றார். ஒருவர் பில்லிசூனியம் என்றார்.

அப்போது லரிபா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கையில் பூப்போட்ட எனாமல் தட்டு. நிறைய ஜொலொஃப் சோறு, மேலே பொரித்த மீன்.

"அண்ணே, நீங்க காலையிலேயிருந்து ஒண்ணுமே சாப்பிடல. முதல்ல உக்காருங்க."

"லரிபா, இங்க என்ன நடக்குதுன்னு தெரியுமா உனக்கு?" என்று அதட்டினாள் மாமே போக்குவா.

"தெரியும் மாமே. திட்டுறதுக்கு ஆள் தெம்பா இருக்கணும்ல? சாப்பிட்டதும் திட்டுவோம்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். குலத் தலைவருக்கே மீசை துடித்தது. லரிபா வேனுக்குப் பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டு அவரை உட்கார வைத்தாள். பாயிலிருந்த குடும்பப் படம் ஒன்றை எடுத்துப் பார்த்தபடி நின்றாள். அம்பொன்சா சோற்றைப் பிசைந்தார்.

"இது நல்லாருக்குண்ணே" என்றாள் மெதுவாக.

"கேலி பண்ணாதே தங்கச்சி."

"நிஜமாத்தான். இதுல நானும் அவங்க மாதிரியே இருக்கேன். எது சிவப்பு எது கறுப்புன்னு யாருக்கும் தெரியாது. ஊர்ல கொண்டுபோய்க் காட்டினா, இவ பொன்சுவோட பொண்ணுன்னு நம்பிடுவாங்க." சிரித்துவிட்டு, படத்தை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். "செவ்வாய்க்கிழமை பஸ்ல ஊருக்குக் கிளம்புறேன்."

அம்பொன்சா தட்டின் பக்கம் குனிந்துகொண்டார். இன்னொரு கவளம் எடுத்தார். வாயில் தக்காளி, மிளகாய், அரிசி. தக்காளி... மிளகாய்... அரிசி. மென்றுகொண்டிருந்தவர் நிறுத்தினார். கூடை!

"அப்ராஃபி! ரா இருக்கு! சமைக்காதது இருக்கு!"

"சமைச்சதைத்தானே தின்னுக்கிட்டு இருக்கீங்க?" என்றாள் அப்ராஃபி கவலையோடு.

அவர் அதற்குள் கார்டைப் பிடுங்கிக்கொண்டு வேனில் ஏறியிருந்தார். மடியில் தட்டு. "நாளைக்குள்ள சிவப்பு வந்துடும், மாமே!" என்று ஜன்னல் வழியாகக் கத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை நன்றி ஆராதனை முடிந்து எல்லாரும் வெள்ளை உடையில் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தபோது அம்பொன்சா வந்தார். ஸ்டூடியோ கணினியில் ஒவ்வொரு கோப்பையும் திறந்து, நியூட்ரலுக்கு மாற்றி, சிவப்பை ஒரு படிக்குப் பதில் இரண்டு படி தூக்கியிருந்தார். முன்வரிசை கனிந்த மிளகாய்ச் செடிபோலப் பளபளத்தது.

மாமே போக்குவா அழுதாள். அழுகையோடு அம்பொன்சாவின் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தாள். "எங்கப்பா ஒளிச்சு வெச்சிருந்தே இதை?"

"என் பொண்ணு ஒளிச்சு வெச்சா, மாமே."

கண்ணைத் துடைத்ததும் அவள் பழையபடி மாமே போக்குவா ஆனாள். "அந்தக் கறுப்பு வெள்ளையெல்லாம் இருக்கக்கூடாது. ஒண்ணு விடாம என் கண் முன்னாடி அழி."

அம்பொன்சா கேமராவை நீட்டி, அவள் பார்க்கப் பார்க்க ஜேபெக் எல்லாவற்றையும் அழித்தார். அச்செடுத்ததையும் கிழித்தார்கள். லரிபாவும் தன்னிடமிருந்ததைத் தயக்கத்தோடு எடுத்துக் கொடுத்தாள்.

"இந்தா, உனக்கு நல்ல படம்" என்று மாமே அவளுக்குக் கலர் படத்தைக் கொடுத்தாள். அன்பாகத்தான் கொடுத்தாள். லரிபாவும் நன்றி சொல்லித்தான் வாங்கினாள். சிவப்பு வரிசையின் ஓரத்தில் ஒற்றைக் கறுப்பாக அவள் நின்றிருந்தாள், பல்லு விழுந்த இடம் மாதிரி. அதைப் பார்த்தவள் படத்தைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டதை அம்பொன்சா கவனித்தார்.

திங்கட்கிழமை அப்ராஃபி சந்தைக்குப் போனதும் அம்பொன்சா ஸ்டூடியோ கதவைச் சாத்தினார். வழக்கப்படி முதலில் ஜெபம். இந்த முறை கொஞ்சம் வாக்குவாதமாகவே போயிற்று. அழி என்றார்கள், அழித்தேன் ஆண்டவரே. மறுபடி செய்யாதே என்று யாரும் சொல்லவில்லை. நீங்களும் இப்போது சொல்லவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தார். ஒன்றும் சொல்லப்படவில்லை.

அடுத்தது பிக்சர் ஸ்டைல். கணினியில் இருந்த குடும்பப் படத்தின் ரா கோப்பைத் திறந்தார். பட்டியலில் 'மோனோக்ரோம்' என்பதை, இந்த முறை மறதியால் அல்லாமல், தானே தேடி அழுத்தினார். திரையில் சிவப்பு அடங்கியது. வரிசை ஒன்றாயிற்று. லரிபாவின் முகத்தில் வெளிச்சத்தை இம்மியளவு தூக்கினார். கூடத்தில் தொங்கப்போகும் படம் எந்த அளவோ அதே அளவில், அதே தாளில் அச்செடுத்தார்.

பொன்சு வீட்டின் பின்முற்றத்துக்கு அவர் போனபோது லரிபா ஆலயத் தோழிகளிடம் விடைபெறப் போயிருந்தாள். அவள் அறை வாசலில் கட்டம்போட்ட பெரிய பை ஒன்று கட்டித் தயாராக நின்றது. அம்பொன்சா ஜன்னல் திட்டில் எனாமல் தட்டை வைத்தார். நன்றாகத் தேய்த்துக் கழுவியிருந்தார். தட்டுக்கு அடியில், இரண்டு அட்டைகளுக்கு நடுவே படம். காற்றில் பறக்காமல் இருக்கத் தட்டின்மேல் ஒரு கல்லையும் எடுத்து வைத்தார்.

குப்பையைக் கிளறிக்கொண்டிருந்த கோழி ஒன்று தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தது. அதன் வேலைக்கு அது திரும்பியதும், அவரும் சத்தமில்லாமல் கதவைத் தாண்டி வெளியே நடந்தார்.