யாருக்குப் புரையேறுகிறது

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒருவருடைய ஆய்வுக் கட்டுரையை இன்னொருவர் மேற்கோள் காட்டினால், எழுதியவருக்குப் புரையேறும். சாப்பிடும்போதுதான் ஏறும். அதனால் பதவி உயர்வு நேர்காணலை மதியச் சாப்பாட்டு வேளையில் வைப்பார்கள். எனக்குப் புளியோதரை வைத்தார்கள். குழுவினர் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசிப் பருக்கைவரை வழுக்கிக்கொண்டு இறங்கியது.

"நல்லா இறங்குதேம்மா," என்றார் துறைத்தலைவர் வருத்தமாக. "உங்களை யாருமே நினைக்கிறதில்லையா?"

நான் தவளைகளின் சத்தத்தை ஆராய்கிறவள். உயிரியல் இதழ் ஒன்றில் ஒரு கட்டுரை, தொடர்பியல் இதழ் ஒன்றில் ஒரு கட்டுரை, அவ்வளவுதான் என் சாதனை. உயிரியல்காரர்கள் சி. தமயந்தி என்று ஒழுங்காக அச்சிட்டார்கள். பிறகு ஒருத்தரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. தொடர்பியல் இதழ் வெளிநாட்டில் வருவது. இனிஷியல் ஆகாது, முழுப்பெயர் வேண்டும் என்றார்கள். தமயந்தி சிங்காரவேலு என்று எழுதிக் கொடுத்தேன். கடைசியில் நிற்பதுதான் ஆளின் பெயர் என்பது அவர்கள் வழக்கம். கட்டுரை த. சிங்காரவேலு என்ற பெயரில் வந்தது. சிங்காரவேலு என் அப்பா.

அந்தக் கட்டுரை பிய்த்துக்கொண்டு போனது. பதிலே வராவிட்டாலும் விடாமல் கத்துகிற ஆண்தவளையைப் பற்றி எழுதியிருந்தேன். மேடைப்பேச்சு, விளம்பரம், குடும்ப வாட்ஸ்அப் குழு என்று எதைப் பற்றி எழுதினாலும் தொடர்பியல்காரர்களுக்கு என் தவளை தேவைப்பட்டது. இங்கே வீட்டில் அப்பா இட்லியை விண்டு வாயில் வைத்தால் போதும், கண் பிதுங்கிவிடும். நான் ஓடிப்போய் உச்சந்தலையில் தட்டுவேன்.

முதலில் அவருக்குச் சந்தோஷம்தான். அம்மா போன பிறகு தன்னை நினைக்க ஒரு ஜீவனும் இல்லை என்று கிடந்தவர். "யாரோ நினைக்கிறாங்க தமயந்தி, நினைச்சிட்டுப் போகட்டுமே," என்பார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. பிறகு கஞ்சிகூட இறங்காமல் போயிற்று. சட்டை தோளில் தொங்க ஆரம்பித்தது. ஒருநாள் ரசஞ்சாதத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "பசிக்குதும்மா," என்றார். எனக்குப் பெற்ற வயிறு மாதிரி எரிந்தது. பதவி உயர்வு நாசமாய்ப் போகட்டும், இந்த மனுஷன் ஒரு வாய் சோறு தின்றால் போதும் என்று இருந்தது.

இதழுக்கு எழுதினேன். பதில் மரியாதையாக வந்தது. அச்சான பெயரை மாற்ற முடியாதாம். ஆனால் கட்டுரையாளர் மைனர் என்றால் அவருக்கு வரும் புரையைப் பெற்றவருக்குத் திருப்பிவிட விதி இருக்கிறதாம். எங்கள் ஊர் வழக்கத்தையும் விசாரித்திருந்தார்கள். பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்து பெற்றவருடையது. அப்படியானால் த. சிங்காரவேலு, தமயந்தியின் பிள்ளை. அவர் என் மைனர் பிள்ளைதான் என்று நான் ஒப்புக்கொண்டால் போதும்.

நியாயமாகத்தான் பட்டது. அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"அப்போ என்னை எவனும் நினைக்க மாட்டானா?"

"நான் நினைக்கிறேன்லப்பா."

"நீ நினைச்சு ஒருநாளும் எனக்குப் புரையேறலையே."

"பக்கத்துல இருக்கிறவங்க நினைச்சா ஏறாதுப்பா."

அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, ஒப்புக்கோ," என்றார் கடைசியில். "சோறு ஆறுது."

ஒப்புக்கொண்டேன். அன்றைக்கே அவர் மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். குழம்பு, ரசம், மோர் எல்லாம் தடங்கலில்லாமல் இறங்கியது. எனக்கு முதல் கவளத்திலேயே மூச்சு முட்டியது. அவர் பதறிக்கொண்டு எழுந்து வந்து என் தலையில் தட்டப் பார்த்தார். எட்டவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி நின்று தட்டினார்.

துறைத்தலைவர் மறுபடியும் கூப்பிட்டுத் தயிர்சாதம் கொடுத்தார். நான் இருமிய இருமலில் குழுவினர் எழுந்து நின்றுவிட்டார்கள். பேராசிரியர் ஆகிவிட்டேன். எனக்குச் சாப்பாடுதான் சரியாக இறங்குவதில்லை. அவர் வயிறு நிறைகிறது, எனக்கு அது போதும்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. அப்பாவுக்குப் புதுச் சட்டை போட்டு, தலை வாரி, மதியத்துக்குத் தக்காளிச் சாதம் கட்டிக் கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தவர் வாசலைப் பார்த்ததும் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார். உதடு பிதுங்கியது.

"சாயங்காலம் வந்துடுவியாம்மா?"

"வந்துடுவேன்டா," என்றேன்.

ஆயா அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.